அம்மாவோடு எந்த வாட்டர் பார்க்? இந்தியானா, ஒஹையோவில் 3 பூங்காக்கள்

வாட்டர் பார்க் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது சறுக்குகளின் படங்களைத்தான். எது உயரம், எது நீளம், எதில் வயிறு கலங்கும் என்று. நானும் அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது முதலில் கேட்டுக்கொள்கிற கேள்வி வேறு. நம்மோடு வருகிறவர்களில் யார் சறுக்கில் ஏறப்போவதில்லை? காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் எங்கே இருப்பார், என்ன சாப்பிடுவார்?

இந்தக் கேள்வி அம்மாவால் வந்தது. சில வருடங்களுக்கு முன் அம்மா கரூரிலிருந்து எங்களோடு தங்க வந்திருந்தபோது ஒரு பெரிய பூங்காவுக்குக் கூட்டிப்போனோம். அதன் பெயர் வேண்டாம். இங்கே ஒப்பிடப்போகிற மூன்றில் அது இல்லை. "எனக்கென்ன கண்ணு, நான் பையைப் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று ஒரு திண்டில் உட்கார்ந்தார். நாங்கள் ஒவ்வொரு வரிசையிலும் முக்கால் மணி நேரம் நின்றோம். காலையில் அந்தத் திண்டில் இருந்த நிழல் பதினொரு மணிக்கெல்லாம் நகர்ந்துவிட்டது. அம்மா நகரவில்லை. எழுந்து போனால் நாங்கள் தேடுவோம் என்று அங்கேயே இருந்திருக்கிறார். தண்ணீர்கூட வாங்கவில்லை, விலைப்பலகையை ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று இருந்துவிட்டார். சாயங்காலம் முகம் கன்றிப்போயிருந்தது. நல்லா இருந்துச்சு என்றுதான் சொன்னார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அம்மா மறுபடி வந்தபோது மகனுக்கு 11 வயது, மகளுக்கு 5. நாங்கள் இருப்பது இண்டியானாபொலிஸில். ஒரு நாளிலோ, ஓர் இரவு தங்கியோ போய்வரக்கூடிய தூரத்தில் மூன்று இடங்கள் இருந்தன. ஒஹையோவில் சின்சினாட்டிக்கு வடக்கே மேசன் ஊரில் உள்ள கிங்ஸ் ஐலண்ட், அதனுள் 'சோக் சிட்டி' வாட்டர் பார்க். இரண்டு மணி நேரப் பயணம். ஈரி ஏரிக்கரையில் சான்டஸ்கியில் இருக்கும் சீடர் பாயிண்ட், அதை ஒட்டி 'சீடர் பாயிண்ட் ஷோர்ஸ்'. இது நாலரை மணி நேரம். மூன்றாவது தெற்கு இந்தியானாவில் சாண்டா கிளாஸ் என்ற சின்ன ஊரில் உள்ள ஹாலிடே வேர்ல்ட், அதனுள் 'ஸ்பிளாஷின் சஃபாரி'. மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கொலம்பஸ், லூயிவில், சின்சினாட்டி பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தூரங்கள் மாறும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை மாறாது என்பதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மூன்றுமே கேளிக்கைப் பூங்காவோடு சேர்ந்த வாட்டர் பார்க்குகள். ரோலர் கோஸ்டரும் ராட்டினமும் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். இந்தச் சேர்க்கை அவ்வளவு பழையதல்ல. டிஸ்னி 1976இல் ஃபுளோரிடாவில் ரிவர் கன்ட்ரியைத் திறந்தது. சீவேர்ல்டை நிறுவியவர்களில் ஒருவரான ஜார்ஜ் மில்லே 1977இல் ஆர்லாண்டோவில் வெட் அண்ட் வைல்டைத் திறந்தார். இன்று நாம் வாட்டர் பார்க் என்று சொல்கிற வடிவம் அங்கேதான் உருவானது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதன் பிறகு, 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும், பழைய பூங்காக்கள் தங்கள் வேலிக்குள்ளேயே குளமும் சறுக்கும் கட்ட ஆரம்பித்தன. ஜூலை வெயிலில் இரும்புக் கோஸ்டருக்கு வரிசையில் நிற்கிறவர்கள் மதியத்துக்கு மேல் கிளம்பிப் போய்விடாமல் இருக்க அதைவிட நல்ல வழி என்ன இருக்கிறது?

அப்படிக் கட்டியவர்கள் இரண்டு விதமாகக் கட்டினார்கள். தனி வாசல், தனி டிக்கெட் என்பது ஒன்று. ஒரே டிக்கெட்டில் இரண்டும் என்பது இன்னொன்று. கேட்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் குடும்பத்தின் நாளையே அது மாற்றிவிடும். தனி டிக்கெட் என்றால், கொடுத்த காசுக்கு நனைய வேண்டும் என்று பிள்ளைகளை நாள் முழுக்கத் தண்ணீரிலேயே வைத்திருப்போம். வெளியே நிற்கிற பெரியவருக்கும் டிக்கெட் எடுக்கலாமா வேண்டாமா என்று வாசலில் ஒரு பேச்சு நடக்கும். ஒரே டிக்கெட் என்றால் அந்தப் பேச்சே இல்லை. காலையில் கூட்டம் குறைவாக இருக்கும்போது கோஸ்டர், உச்சி வெயிலில் தண்ணீர், துணி மாற்றிக்கொண்டு மாலையில் ராட்டினம் என்று போகலாம். குழந்தை அழுதால் யோசிக்காமல் வெளியே வந்துவிடலாம்.

சீடர் பாயிண்ட் இதில் முதல் வகை. அதன் வாட்டர் பார்க்கை, கிங்ஸ் ஐலண்டில் இருப்பதைப் போலவே சோக் சிட்டி என்ற பெயரில்தான், 1988இல் திறந்தார்கள், 2017இல் விரிவாக்கி சீடர் பாயிண்ட் ஷோர்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். 18 ஏக்கர். நாள் டிக்கெட் வாங்குகிறவர்களுக்கு இது தனி. காலடித் தளம் சட்டென்று திறந்து, நின்றவாக்கில் ஆறு மாடி உயரத்திலிருந்து விழ வைக்கிற சறுக்கும் இங்கே உண்டு. என் மகன் படத்தைப் பார்த்ததுமே இதுதான் வேண்டும் என்றான். இந்த இடத்தின் உண்மையான செல்வம் சறுக்கு அல்ல, ஏரி. 1870இலிருந்து மக்கள் குளிக்க வந்த மணல் கரை அது. 1913இல் நட் ராக்னி, கஸ் டொரேய் என்ற இரண்டு கல்லூரி மாணவர்கள் கோடையில் இங்கே உயிர்காப்பாளர்களாக வேலை பார்த்துக்கொண்டே, இந்த மணலில்தான் முன்னோக்கி எறிந்து ஆடும் கால்பந்து உத்தியைப் பழகினார்கள். அமெரிக்கக் கால்பந்தின் சரித்திரத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு. 200 அடியைத் தாண்டிய முதல் ரோலர் கோஸ்டர் என்று பெயர்பெற்ற மேக்னம் 1989இல் இங்கே வந்தது. வாட்டர் பார்க்கை உரசிக்கொண்டுதான் ஓடுகிறது. ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை ஏரிக்கரையில் நடந்து, அப்புறம் பூங்காவுக்குள் போகிறவர்களுக்கு இதைவிட அழகான இடம் இந்த வட்டாரத்தில் இல்லை. ஆனால் 5 வயதுப் பிள்ளையோடும் மூட்டு வலியோடு இருக்கிற அம்மாவோடும் நாலரை மணி நேரம் போய், இரண்டு டிக்கெட் எடுத்து, இரண்டு இடத்துக்கும் நடப்பது எங்களுக்குச் சரிப்படாது. மகனிடம் 14 வயதில் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்து இதை ஒதுக்கிவைத்தேன்.

கிங்ஸ் ஐலண்டை அப்படி எளிதாக ஒதுக்க முடியவில்லை. இதன் கதையே தண்ணீரில் தொடங்குகிறது. சின்சினாட்டியில் ஒஹையோ ஆற்றங்கரையில் கோனி ஐலண்ட் என்று ஒரு பழைய பூங்கா இருந்தது. ஆறு பெருகும்போதெல்லாம் அது மூழ்கும். 1937இல் வந்த பெருவெள்ளத்தை அந்த ஊர் இன்னும் பேசும். 1964இல் மறுபடியும் மூழ்கியது. இனி இங்கே முதல் போடுவது சரியில்லை என்று மேட்டு நிலம் தேடி, 1972இல் மேசனில் கிங்ஸ் ஐலண்டைத் திறந்தார்கள். ஆற்று வெள்ளத்திலிருந்து ஓடி வந்த பூங்கா, 17 வருடம் கழித்து, 1989இல், வாட்டர்வொர்க்ஸ் என்ற பெயரில் தானே ஒரு வாட்டர் பார்க்கைக் கட்டிக்கொண்டது. பாரமவுண்ட் நிறுவனத்தின் கையில் இருந்த காலத்தில், 2004இல், அந்த நிறுவனத்தின் சினிமா ஒன்றின் பெயரோடு சேர்த்து பூமராங் பே என்று ஆனது. பிறகு 2012இல் சோக் சிட்டி.

இதைப் படிக்கும்போது எனக்கு அந்தப் பழைய கோனி ஐலண்டில் விட்டுவந்த சன்லைட் குளம்தான் மனதில் நின்றது. 1925இல் திறந்தது. 401 அடி நீளம், 200 அடி அகலம், 30 லட்சம் காலனுக்கு மேல் தண்ணீர். நம் ஊர்க் கோயில் தெப்பக்குளங்களை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த மாதிரி அகன்ற குளம். சறுக்குகளும் பெயர்களும் மாறிக்கொண்டே இருந்த அத்தனை வருடமும் மூன்று தலைமுறை அதில் நீந்தப் பழகியது. 2023 கடைசியில் இடத்தை விற்று, இசை அரங்கம் கட்டப்போவதாக அறிவித்துக் குளத்தை மூடிவிட்டார்கள். ஒரு வருடம் முன்னால் தெரிந்திருந்தால் அம்மாவை அங்கேதான் கூட்டிப்போயிருப்பேன்.

சரி, சோக் சிட்டி. 33 ஏக்கர் பரப்பு, இரண்டு அலைக்குளங்கள், புனல் வடிவில் சுழற்றி இறக்கும் பெரிய சறுக்கு, சின்னப் பிள்ளைகளுக்குத் தனி இடம் என்று எல்லாம் உண்டு. பூங்காவின் டிக்கெட்டிலேயே அடங்கும். கோஸ்டர் பைத்தியம் பிடித்த பிள்ளைகள் இருந்தால் இதுதான் இடம். 1979இல் வந்த பீஸ்ட் 7,361 அடி நீளத்தோடு இன்றும் உலகின் மிக நீளமான மரக் கோஸ்டராக ஓடிக்கொண்டிருக்கிறது. நனையாதவருக்கும் கொஞ்சம் இருக்கிறது. பாரிஸ் ஐஃபில் கோபுரத்தின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு கோபுரம், மேலே போக லிஃப்ட். காட்டுக்குள் சுற்றிவரும் ஒரு ரயில். அம்மாவுக்கு அந்த ரயில் பிடிக்கும் என்று தெரியும். இருந்தும் இரண்டு விஷயம் தடுத்தது. வெளியிலிருந்து சாப்பாடு உள்ளே கொண்டுபோக முடியாது. வாசலுக்கு வெளியே உள்ள இடத்தில் வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அம்மா சைவம், அதிலும் வெங்காயம் பூண்டு இல்லாத நாட்கள் உண்டு. அடுத்தது, வாகனம் நிறுத்தக் காசு, குடிக்கக் காசு என்று ஒவ்வொன்றுக்கும் பணப்பையைத் திறக்கும்போது அம்மாவின் முகம் சுருங்கும். எனக்கு அது பெரிய தொகை இல்லை. ஆனால் அவர் அதைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்கத் தாகத்தோடு இருப்பார் என்று அனுபவத்தில் தெரியும்.

மூன்றாவது இடத்துக்குப் போகும் முன் அந்த ஊரின் பெயரைச் சொல்லியாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தக் குடியேற்றத்துக்குச் சாண்டா ஃபே என்று பெயர் வைக்க விரும்பினார்கள். அதே பெயரில் இந்தியானாவில் வேறோர் ஊர் இருக்கிறது என்று அஞ்சல் துறை மறுத்துவிட்டது. 1856இல் சாண்டா கிளாஸ் என்ற பெயரில் அஞ்சலகம் வந்தது. அமெரிக்கக் குழந்தைகள் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு எழுதும் கடிதங்கள் இன்றும் அங்கே வந்து குவிகின்றன. எவன்ஸ்வில் நகரத்துத் தொழிலதிபர் லூயிஸ் ஜே. காக் அந்த ஊருக்கு வந்து பார்த்தார். பெயரை நம்பி வருகிற குழந்தைகள் அங்கே தாத்தா இல்லாமல் ஏமாந்து திரும்புவது அவருக்குப் பொறுக்கவில்லை. ஓய்வுபெற்ற பிறகு, 1946 ஆகஸ்ட் 3 அன்று சாண்டா கிளாஸ் லேண்ட் என்ற பூங்காவைத் திறந்தார். கிறிஸ்துமஸ் தாத்தாவின் பூங்கா ஆடிப்பெருக்கு சமயத்தில் பிறந்திருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு அந்த இடத்தின் மீது அப்போதே ஒரு பிரியம் வந்துவிட்டது.

1984இல் ஹாலோவீன், ஜூலை 4 என்று மற்றப் பண்டிகைகளையும் சேர்த்து ஹாலிடே வேர்ல்ட் ஆனது. 1993இல் ஸ்பிளாஷின் சஃபாரி வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஒரே டிக்கெட். ஆரம்பத்தில் சில சறுக்குகள், ஓர் ஆறு, ஓர் அலைக்குளம் என்ற அளவில் இருந்ததை, வருடத்துக்கு ஒன்று என்கிற மாதிரி வளர்த்தார்கள். இருட்டுக் குழாயில் இறங்கும் ஜூம்பாப்வே 2002இல். புனலில் சுழலும் ஜிங்கா 2003இல். அடுத்தடுத்து பல தடங்களில் போட்டி போட்டு இறங்கும் சறுக்கு, இரண்டாவது அலைக்குளம், குழந்தைகள் ஏறி விளையாடும் பெரிய தண்ணீர் வீடு. எல்லாம் நிலைத்துவிடவில்லை. 2009இல் 135 அடி உயரத்தோடு ஒரு படகுச் சறுக்கைக் கட்டினார்கள், பிறகு பெயரை மாற்றிப் பார்த்தார்கள், சில வருடங்களிலேயே எடுத்துவிட்டார்கள். சரிவராததைப் பிடித்துக்கொண்டிருக்காததும் நல்ல நிர்வாகம்தான்.

இந்தப் பூங்காவை உலகம் திரும்பிப் பார்த்தது 2010இல். வில்டபீஸ்ட் என்ற தண்ணீர் ரோலர் கோஸ்டரைத் திறந்தார்கள். 1,710 அடி நீளம், நான்கு பேர் வரிசையாக உட்காரும் படகு. அதைக் கொண்டுவந்தவர் நிறுவனரின் பேரன் வில் காக். திறந்து ஒரு மாதத்தில், ஜூன் மாதம், 48 வயதில் இறந்துபோனார். 2012இல் மேமத் வந்தது, 1,763 அடி, அந்த நேரத்தில் உலகின் மிக நீளமான தண்ணீர் கோஸ்டர். 2020இல் சீட்டா சேஸ், மேலே ஏற்றிக்கொண்டு போகாமல் புறப்படும் மேடையிலிருந்தே பாய்ச்சி விடும் முதல் தண்ணீர் கோஸ்டர். பூங்கா இன்றும் காக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. மற்ற இரண்டும் பெரிய நிறுவனச் சங்கிலியின் கண்ணிகள். 2024இல் நடந்த இணைப்புக்குப் பிறகு சிக்ஸ் ஃபிளாக்ஸ் பெயரில் இருக்கின்றன.

தண்ணீர் கோஸ்டர் என்ன செய்கிறது என்று கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முடிவுக்கு அதுவும் ஒரு காரணம். சாதாரணச் சறுக்கில் நீங்கள் ரப்பர் டியூபைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏழெட்டு மாடி படி ஏறுகிறீர்கள். அந்த உயரம்தான் உங்கள் மூலதனம். இறங்க இறங்க அது செலவாகும், கீழே வந்ததும் தீர்ந்துபோகும். 20 விநாடியில் முடிந்துவிடும். தண்ணீர் கோஸ்டரில் கீழேயே படகில் உட்கார்ந்துகொள்கிறீர்கள். கன்வேயர் பெல்ட் படகோடு உங்களை மேலே ஏற்றுகிறது. விழுந்து கீழே வந்த பிறகு படகு மறுபடியும் மேடேறுகிறது. மறுபடி விழுகிறது. 1990களில் டெக்சாஸின் ஷ்லிட்டர்பான் பூங்காவில் தண்ணீரைப் பீய்ச்சியடித்துப் படகை மேடேற்றினார்கள். வில்டபீஸ்ட்டும் மேமத்தும் அதை மின்காந்தத்தால் செய்கின்றன. நம் கிணற்றில் போடுகிற மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சுற்றில் சுழலும் காந்தப்புலம் உள்ளே இருக்கும் உலோக உருளையைச் சுற்றவைக்கிறது. அந்த வெளிச்சுற்றை ஓரிடத்தில் வெட்டி, பாய் விரிக்கிற மாதிரி மேட்டின் மேல் நீளமாக விரித்துவிட்டால், காந்தப்புலம் சுழலாமல் மேல்நோக்கி ஓடும். படகின் அடியில் உலோகத் தகடு இருக்கிறது. ஓடுகிற புலம் அதைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை. நடுவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. என் மகனுக்கு இதை ஒரு தாளில் வரைந்து காட்டிய பிறகுதான் சீடர் பாயிண்ட் படத்தை அவன் மறந்தான்.

படி ஏற வேண்டாம் என்பது மூட்டு வலிக்காரருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் இரத்த அழுத்தம், இதயம், முதுகுத் தொந்தரவு உள்ளவர்கள் இவற்றில் ஏறக் கூடாது. அம்மாவை ஏற்றும் எண்ணம் எனக்கு இல்லை. எனக்குப் பிடித்தது மேமத்தின் படகு. வட்டமாக, ஆறு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்காரலாம். மற்றச் சறுக்குகளில் பிள்ளை முன்னால் போய்விடும், அது சிரித்ததா அழுததா என்று நமக்குத் தெரியாது. மேமத்தில் இருட்டிலிருந்து வெளியே வரும் நொடியில் மகனின் முகம் எனக்கு நேர் எதிரே இருந்தது. காசு கொடுத்து எடுக்கிற புகைப்படம் எதிலும் அது கிடைக்காது.

இதற்கெல்லாம் மேலே, நனையாத ஆளைப் பற்றி யோசித்துச் செய்த சின்னச் சின்னக் காரியங்கள்தான் என்னை முழுதாகச் சாய்த்தன. 2000இலிருந்து அங்கே குளிர்பானமும் தண்ணீரும் இலவசம். பூங்கா முழுக்க ஆங்காங்கே எடுத்துக் குடிக்க இடம் வைத்திருக்கிறார்கள். சன்ஸ்கிரீன் இலவசம். ரப்பர் டியூப் இலவசம். வாகனம் நிறுத்த இலவசம். வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் மட்டும் கூடாது. மது உள்ளேயும் விற்பதில்லை. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனோம். அம்மா தானாகவே எழுந்துபோய் நான்கு முறை குளிர்ந்த தண்ணீர் பிடித்துக் குடித்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

விலையை ஒப்பிடும்போதும் இதைச் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். மூன்று பூங்காக்களிலும் டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும், இணையத்தில் முன்கூட்டி வாங்கினால் குறையும். வாசலில் கொடுப்பது ஒரு தொகை. பிறகு பார்க்கிங், குடிநீர், சாப்பாடு, லாக்கர் என்று போவது இன்னொரு தொகை. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டாவது தொகை சிறியதல்ல. லாக்கர் மட்டும் எங்கே போனாலும் காசுதான்.

குறை இல்லையா என்றால், உண்டு. ஊர் சின்னது, பக்கத்தில் பெரிய நகரம் இல்லை. கோடையில் தங்கும் அறைகள் சீக்கிரம் நிறைந்துவிடும். இந்தியச் சாப்பாடு வேண்டுமென்றால் எவன்ஸ்வில் வரை போக வேண்டும். சனிக்கிழமை வில்டபீஸ்ட் வரிசை நீளம். வாட்டர் பார்க் திறந்ததும் நேரே அங்கே போய்விட்டு அப்புறம் மற்றதைப் பார்ப்பது நல்லது. பூங்கா சரிவான நிலத்தில் இருப்பதால் நடை அதிகம், மேடும் பள்ளமுமாக. மூட்டு வலி அதிகமாக இருந்தால் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்துக்கொள்ளத் தயங்க வேண்டாம். இன்னொன்று, உலோகக் கோஸ்டர்களின் எண்ணிக்கையில் மற்ற இரண்டோடு இது போட்டி போட முடியாது. மரக் கோஸ்டர் பிரியர்களுக்கு மட்டும் 2006இல் வந்த வாயேஜ் இருக்கிறது, 6,442 அடி. அதில் ஒரு தடவை ஏறினேன், போதும் என்று இறங்கிவிட்டேன்.

உடை விஷயம் மூன்று இடத்துக்கும் பொது. சேலை, துப்பட்டா, தொளதொளப்பான எதுவும் சறுக்கில் கூடாது. துணி சிக்கினால் ஆபத்து. உலோகப் பொத்தான், ஜிப் உள்ள கால்சட்டையும் விடமாட்டார்கள், சறுக்கின் மேற்பரப்பைக் கீறிவிடும். நீச்சலுக்கென்றே வருகிற முழுக்கைச் சட்டையும் நீண்ட காலுறை மாதிரியான கால்சட்டையும் கடைகளில் கிடைக்கின்றன. நம் வீட்டுப் பெண்கள் பலர் கூச்சத்தால் ஓரமாக நின்றுவிடுகிறார்கள். அது ஒன்று இருந்தால் தயங்காமல் இறங்கலாம். என் மனைவி அப்படித்தான் இறங்கினாள். பிள்ளைகளின் உயரத்தைக் கிளம்பும் முன் வீட்டிலேயே செருப்பில்லாமல் அளந்து, எதில் ஏறலாம் என்று பூங்காவின் தளத்தில் பார்த்துவிடுங்கள். அரை மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு அளவுகோலுக்கு ஒரு விரல் குறைவு என்று திருப்பி அனுப்பினால் அந்தப் பிஞ்சு மனது உடைந்துபோகும். லைஃப் ஜாக்கெட் அங்கேயே தருவார்கள். இடி மின்னல் வந்தால் எல்லோரையும் தண்ணீரை விட்டு வெளியேற்றிவிடுவார்கள். இந்த வட்டாரத்தில் ஜூலை, ஆகஸ்ட் மதியங்களில் இது அடிக்கடி நடக்கும், அதனால் மிகவும் ஆசைப்படுவதைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நாள் எப்படிப் போனது என்றால், மகனும் நானும் வில்டபீஸ்ட்டிலும் மேமத்திலும் மாறி மாறிப் போனோம். மகள் டெம்போ என்ற சின்னப் பிள்ளைகளுக்கான பகுதியிலிருந்து நகரவே இல்லை. அங்கே பெரியவர்கள் போகிற சறுக்குகளைக் குட்டி அளவில் செய்து வைத்திருக்கிறார்கள், கூடவே முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டி அலைக்குளம். மதியத்துக்கு மேல் அம்மா பெரிய அலைக்குளத்தின் ஓரத்துக்கு வந்தார். அங்கே தரை கடற்கரை மாதிரி மெதுவாகச் சரிந்து இறங்கும். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, பேத்தியின் கையைப் பிடித்து, கணுக்கால் நனைய நின்றார். "அப்பாயி, அடுத்த அலை வருது பாருங்க" என்று அவள் கத்த, அமராவதியில் தண்ணீர் திறந்துவிட்ட நாளில் படித்துறையில் நின்ற கதையை இவர் சொல்ல, ஒரு மணி நேரத்துக்கு மேல் இருவரும் அங்கேயே நின்றார்கள். பை லாக்கரில் இருந்தது.

ஆக, யாருக்கு எது? பதின்ம வயதுப் பிள்ளைகள் மட்டும், இரண்டு நாள் கையில் இருக்கிறது, ஏரியும் பார்க்க ஆசை என்றால் சீடர் பாயிண்ட். அதிலும் வாட்டர் பார்க்கை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சின்சினாட்டி, டேட்டன் பக்கம் குடியிருக்கிறீர்கள், ஒரு கோடையில் மூன்று நான்கு முறை போவீர்கள் என்றால் கிங்ஸ் ஐலண்ட் பருவ டிக்கெட் எடுப்பதுதான் புத்திசாலித்தனம், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக்கூடத் திரும்பலாம். தாத்தா பாட்டி, சின்னப் பிள்ளை என்று மூன்று தலைமுறையும் ஒரே காரில் கிளம்புகிறது என்றால், லூயிவில்லோ இண்டியானாபொலிஸோ எங்கிருந்தாலும், நான் ஸ்பிளாஷின் சஃபாரியைத்தான் சொல்வேன்.

அங்கே ஓர் இரவு தங்கினால் மறுநாள் காலை சில மைல் தள்ளி லிங்கன் சிட்டியைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆபிரகாம் லிங்கன் 7 வயதிலிருந்து 21 வயது வரை வளர்ந்த பண்ணை, இப்போது தேசிய நினைவிடம். அவருடைய தாயின் கல்லறையும் அங்கே இருக்கிறது. அம்மா அந்தக் கல்லறை முன்னால் வெகுநேரம் நின்றார்.

நேரத்தைப் பற்றி ஒன்று. சாண்டா கிளாஸ் ஊர் மத்திய நேர மண்டலத்தில் இருக்கிறது. இண்டியானாபொலிஸும் லூயிவில்லும் சின்சினாட்டியும் கிழக்கு நேரம். போகும்போது ஒரு மணி நேரம் லாபம், 7 மணிக்குக் கிளம்பினால் அங்கே 9 மணி சுமாருக்குப் போய்ச் சேரலாம். திரும்பும்போது அது போய்விடும். அங்கே 7 மணிக்கு வண்டியை எடுத்தால் வீட்டுக்கு வரும்போது நம் கடிகாரத்தில் 11 மணி ஆகியிருக்கும். மறுநாள் அலுவலகம் இருப்பவர்கள் சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். பிள்ளைகளின் இரவு உடையையும் ஒரு துண்டையும் கார் டிக்கியில் இல்லாமல் இருக்கைக்குப் பக்கத்திலேயே வையுங்கள், வழியில் ஜாஸ்பர் ஊரைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்கள்.